பெல்லடோனா: நிற்கும் ஓவியம், கிழியும் உடல்

1973 ஜூன் 30 அன்று ஜப்பானில் ஒரு முழுநீள அசைவூட்டப் படம் திரைக்கு வந்தது. பெயர் 'கனாஷிமி நோ பெல்லடோனா', அதாவது 'துயரத்தின் பெல்லடோனா'; பெல்லடோனா என்பது ஒரு நச்சுச் செடி. இயக்கியவர் எயிச்சி யாமமோதோ. அதே கோடையில் பெர்லின் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவிலும் அது இடம்பெற்றிருந்தது. விழாவில் கிடைத்த கவனம் வசூலுக்கு உதவவில்லை. படம் ஓடவில்லை. தயாரித்த நிறுவனமான முஷி புரொடக்ஷன் அதே ஆண்டு நவம்பரில் திவாலானது. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலான உலக ரசிகர்களுக்கு இது கேள்விப்பட்ட படமாக மட்டுமே இருந்தது. 2016இல் மீட்டமைக்கப்பட்ட பிரதி வெளிவந்த பிறகுதான் உரிய தரத்தில் பார்க்க முடிந்தது.

பாலியல், வன்கொடுமை, மதம், கிளர்ச்சி ஆகிய அனைத்தையும் ஒரே கதைக்குள் வைத்த சோதனைப் படம் இது. வயது வந்தோருக்கான பொருளை வரைந்த படம் எவ்வளவு தொலைவு கொண்டுசெல்ல முடியும் என்பதற்கும், எந்த இடத்தில் வரைபவரின் கை தவறிவிடும் என்பதற்கும் இந்த ஒரே படத்தில் சான்று இருக்கிறது. அதனால்தான் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடிகர்களை வைத்து எடுத்த காட்சியில் தற்செயலாக எத்தனையோ நுழைந்துவிடும். முகத்தில் விழும் நிழல், நடிகையின் தயக்கம், காற்றில் அசையும் துணி என்று எவ்வளவோ உண்டு. வரைந்த காட்சியில் அப்படி எதுவும் தானாக வந்து சேராது. ஒரு மார்பின் வளைவும், ஒரு துளி ரத்தமும், பாதி மூடிய கண்ணும் யாரோ உட்கார்ந்து, யோசித்து, வண்ணம் தோய்த்து வைத்தவை. ஆகவே முதிர்ந்த பொருளைக் கையாளும் அசைவூட்டப் படத்தை எவ்வளவு காட்டியது என்று அளப்பது போதாது. ஒவ்வொரு கோடும் எந்த வேலைக்காக அங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

நிறுவனத்தின் நிலை

ஜப்பானியப் படக்கதை ஓவியர் ஒசாமு தெசுகா 1961இல் தொடங்கிய நிறுவனம் முஷி புரொடக்ஷன். 1963 ஜனவரி 1 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கிய 'அஸ்ட்ரோ பாய்' தொடர்தான் அதன் அடையாளம். வாரந்தோறும் அரைமணி நேரப் படத்தை முடித்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடி; தொலைக்காட்சியிலிருந்து வந்த பணமோ சொற்பம். ஆகவே வரையும் ஓவியங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். திரையில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். முழுமையாக அசையும் படத்துக்கு நொடிக்கு 24 அல்லது 12 ஓவியங்கள் வேண்டும். ஒரே ஓவியத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தினால் 8 போதும். வாய் மட்டும் அசையும், உடல் அசையாது. ஒருமுறை வரைந்த கையசைவு பல அத்தியாயங்களில் திரும்ப வரும். பிற்கால ஜப்பானிய அசைவூட்டத்தின் இலக்கணமே இந்தச் சிக்கனத்திலிருந்து பிறந்தது.

ஆனால் அந்த நிறுவனத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1962இல் 'தெருமுனைக் கதைகள்', 1966இல் 'கண்காட்சியில் ஓவியங்கள்' எனப் பரிசோதனைக் குறும்படங்களை அங்கே எடுத்தார்கள். முதல் படத்தின் இயக்குநர்களில் யாமமோதோவும் ஒருவர். வணிகத் தொடரும் சோதனைப் படமும் ஒரே கூரையின் கீழ், ஒரே ஆட்களின் கையால் உருவாயின. பெல்லடோனாவைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி அவசியம்.

அறுபதுகளின் இறுதியில் வயது வந்தோருக்கான முழுநீளப் படங்களை எடுக்கும் திட்டம் வந்தது. 'அனிமெராமா' என்ற பெயரில், நிப்பான் ஹெரால்டு நிறுவனத்தின் விநியோகத்தில், 1969இல் 'ஆயிரத்தோர் இரவுகள்', 1970இல் 'கிளியோபாட்ரா' ஆகியவை வெளியாயின. முதலாவது நன்றாக ஓடியது. இரண்டாவதில் நகைச்சுவையும் பாலியலும் காலம் மாறிய வேடிக்கைகளும் குழப்பமாகக் கலந்து கிடந்தன. அமெரிக்காவில் அதை வாங்கியவர்கள் பாலியலை மட்டும் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது படத்தின் வேலை நடந்தபோது தெசுகா நிறுவனத்தில் இல்லை. 1971இல் அவர் விலகிவிட்டார். நிறுவனம் கடனில் இருந்தது. கையில் பணம் குறைவு; மேலே நின்று தடுக்கவும் யாரும் இல்லை. பெல்லடோனாவின் துணிச்சலுக்கு இரண்டும் காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கதையும் அதன் மூலமும்

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் மிஷலே 1862இல் எழுதிய 'லா சோர்சியேர்' (சூனியக்காரி) என்ற நூலை அடிப்படையாகக் கொண்டது படம். சூனியக்காரி என்று சுட்டப்பட்ட பெண்ணை, நிலப்பிரபுவுக்கும் திருச்சபைக்கும் எதிராக நின்ற கிளர்ச்சிக்காரியாக மிஷலே பார்த்தார். மூலிகை அறிந்தவள், மருத்துவம் மறுக்கப்பட்ட ஏழைகளின் மருத்துவச்சி, வதைபட்டவர்களின் கோபத்துக்கு உருவம் கொடுத்தவள் என்று அவளை எழுதினார். நூலில் வரலாற்று ஆவணமும் கற்பனை ஆவேசமும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. மணமகளின் முதல் இரவு பிரபுவுக்கு உரியது என்ற வழக்கம் இடைக்கால ஐரோப்பாவில் சட்டமாக இருந்ததற்கு ஆதாரமில்லை என்பதே இன்றைய வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோரின் முடிவு. படம் தொடங்குவதோ அந்த வழக்கத்தை வைத்துத்தான். ஆகவே இதை இடைக்கால பிரான்சின் சித்திரமாகப் பார்க்கக் கூடாது. அதிகாரம் ஏழையின் உடல் வரைக்கும் கைநீட்டும் என்ற உண்மைக்கு மிஷலே கண்டெடுத்த உருவகத்தைப் படம் கையில் எடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கதைநாயகியின் பெயர் ஜீன். குடியானவப் பெண். காதலித்தவனை மணக்கிறாள். திருமணத்துக்கான வரியைக் கட்ட வழியில்லை என்று அவர்கள் பிரபுவின் முன் நிற்க, பிரபுவும் அவனைச் சூழ்ந்திருப்பவர்களும் ஜீனைப் பாலியல் வன்கொடுமை செய்கிறார்கள். வீடு திரும்பியவளைக் கணவனால் பழையபடி பார்க்க முடியவில்லை. அப்போது மிகச் சிறிய உருவில் சாத்தான் அவளிடம் வருகிறான். அவள் உழைப்பில் வீடு கொஞ்சம் நிமிர்கிறது. கணவன் வரி வசூலிப்பவன் ஆகிறான். கேட்ட தொகையைத் திரட்ட முடியாதபோது அவன் கை வெட்டப்படுகிறது. ஜீன் பணம் கொடுக்கல் வாங்கலில் இறங்கி, ஊரில் செல்வாக்குப் பெறுகிறாள். பிரபுவின் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. ஊரே துரத்துகிறது. ஓடி வந்து வீட்டுக் கதவைத் தட்டுகிறாள், கணவன் திறக்கவில்லை. காட்டுக்குப் போனவள் தன்னை முழுதாகச் சாத்தானிடம் ஒப்படைக்கிறாள். கொள்ளைநோய் வருகிறது. பெல்லடோனாச் செடியைக் கொண்டு அவள் நோயாளிகளின் துயர் தீர்க்கிறாள். மக்கள் அவளைத் தேடிப் போகிறார்கள். அஞ்சிய பிரபு பதவியும் நிலமும் தருவதாகத் தூது அனுப்புகிறான். அவள் உலகம் முழுவதும் வேண்டும் என்கிறாள். பேச்சு முறிகிறது. அவளைத் தூணில் கட்டி எரிக்கிறார்கள்.

சாத்தானுக்குக் குரல் கொடுத்தவர் ஜப்பானின் பெரும் நடிகர்களில் ஒருவரான தத்சுயா நகாதாய். ஜீனுக்கு அய்கோ நாகயாமா. அந்தக் குரல்களின் தேர்விலேயே படத்தின் நோக்கம் தெரிகிறது. கார்ட்டூன் குரல் எங்கும் இல்லை. நகாதாய் தாழ்ந்த தொனியில், அவசரமில்லாமல், ஆசை காட்டுகிறார். 'நான் நீயே' என்னும் பொருள்பட சாத்தான் பேசும்போது அது மிரட்டலாக ஒலிக்கவில்லை. இசையமைத்தவர் ஜாஸ் பியானோ கலைஞர் மாசாஹிகோ சாதோ. மின்கிதாரும் ஆர்கனும் பெண் குரலும் சேர்ந்த அந்த இசை, கதை நடக்கும் காலத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எழுபதுகளிலேயே நிற்கிறது.

நிற்கும் ஓவியம்

படத்தின் கலை இயக்குநர் குனி ஃபுகாய். அடிப்படையில் அவர் நூல்களுக்கும் இதழ்களுக்கும் வரைபவர். அசைவூட்டத்துக்கு உருவங்களை வடிவமைப்பவர்கள், பலர் கையால் பல நூறு முறை திரும்ப வரையத்தக்க எளிய கோட்டைத் தேடுவார்கள். ஃபுகாயின் கோடு அதற்கு நேர்மாறு. மெல்லிய பேனாக் கோடுகள், நீரில் பரவும் வண்ணம், காகிதத்தின் வெண்மையை அப்படியே விட்டுவிடும் துணிவு. ஐரோப்பிய ஓவியர்களான கிளிம்ட்டின் பொன்னலங்காரம், பியர்ட்ஸ்லியின் கறுப்பு வெள்ளை, ஷீலேயின் ஒடுங்கிய விரல்கள் எல்லாம் அவரிடம் தெரிகின்றன. இப்படிப்பட்ட ஓவியத்தை நொடிக்கு 8 முறைகூடத் திரும்ப வரைய முடியாது. ஆகவே படத்தின் பெரும்பகுதியில் ஓவியம் நிற்கிறது, கேமரா அதன்மேல் நகர்கிறது. பணம் இல்லாததால் வந்த வழி என்று இதைச் சொல்லிவிடலாம். அது உண்மையும்கூட. ஆனால் அசைவூட்ட இயக்குநர் கிசாபுரோ சுகியியும் யாமமோதோவும் அந்தக் குறையையே வடிவமாக மாற்றிக்கொண்டார்கள்.

தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஜீனின் திருமணம். நீண்ட சுருள் ஓவியம் ஒன்று நம் முன் பக்கவாட்டில் விரிந்துகொண்டே போகிறது. மணமக்களும் ஊராரும் மெல்லிய கோடுகளாக, இடையிடையே வெற்றுக் காகிதத்தோடு வருகிறார்கள். பின்னால் பாடல். யாரும் நடக்கவில்லை, யாரும் கையசைக்கவில்லை. பார்வையாளரின் கண்தான் நடக்கிறது. ஜப்பானிய 'எமாகி' சுருள் ஓவியங்களைக் கையில் வைத்து வலமிருந்து இடமாக விரித்துப் பார்க்கும் பழக்கம் பல நூற்றாண்டுப் பழமை உடையது. பிரெஞ்சுக் கதையை அந்தக் கண்ணால் பார்க்க வைக்கிறது படம். இதில் இன்னொரு காரியமும் நடந்துவிடுகிறது. எதுவும் அசையாத உலகத்துக்குக் கண் பழகிவிடுகிறது. பிறகு எது அசைந்தாலும் அது உடலில் உறைக்கும்.

முதலில் அசைவது வன்முறை.

பிரபுவின் மாளிகையில் நடக்கும் அந்தக் காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் படத்தின் பெருமையும் சிக்கலும் அங்கேதான் இருக்கின்றன. செயலைப் படம் காட்டவில்லை. ஜீனின் வெள்ளை உடல் கீழிருந்து மேலாக இரண்டாகப் பிளக்கிறது. பிளவில் சிவப்பு ஏறுகிறது. உருவம் கிழிந்த துணிபோல விரிகிறது. அந்தச் சிவப்பிலிருந்து வௌவால்கள் பிரிந்து பறக்கின்றன. ஒலியில் அவள் அலறல். சில கணங்களில் திரையில் மனித உருவமே மிஞ்சுவதில்லை. வண்ணமும் கோணல் வடிவமும்தான் மிஞ்சுகின்றன.

இதையே நடிகர்களை வைத்து எடுத்திருந்தால் இயக்குநருக்கு இரண்டு வழிதான். கேமராவைத் திருப்பிக்கொள்ளலாம், அல்லது காட்டலாம். திருப்பினால் நடந்ததன் கொடூரம் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறது. காட்டினால் ஒரு நடிகையின் உடல் பார்வைப் பொருளாகிறது. அசைவூட்டத்துக்கு மூன்றாவது வழி உண்டு. வெளியே இருந்து பார்ப்பவனுக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதை விட்டுவிட்டு, அந்த உடலுக்குள் என்ன நேர்ந்தது என்பதை வரையலாம். பிளவு என்பது அவள் உணர்வது. பிரபுவின் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. அந்தக் கணத்தில் பார்வையாளரால் பிரபுவின் இடத்தில் நிற்கவே முடியாது. முதிர்ந்த பொருளுக்கு அசைவூட்டம் ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதிலை நான் எந்தப் படத்திலும் கண்டதில்லை.

கொள்ளைநோய்க் காட்சியும் இதே வகை. ஊரின் கட்டடங்கள் கறுத்து, உருகி, வழிகின்றன. கோபுரங்களும் முகங்களும் ஒரே கரிய திரவமாக ஓடுகின்றன. பிணங்களை எண்ணிக் காட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. நிற்கும் ஓவியங்களில் மிச்சப்படுத்திய உழைப்பை எல்லாம் இப்படிப்பட்ட சில நிமிடங்களில் கொட்டியிருக்கிறார்கள். எங்கே அசைவு வேண்டும் என்ற தேர்வுதான் இந்தப் படத்தின் இயக்கம்.

கை தவறும் இடம்

இப்போது மறுபக்கம். ஜீனின் உடல் படம் முழுக்க ஆடையின்றியோ, அரைகுறை ஆடையிலோ வருகிறது. வலியில் இருக்கும்போதும் அழகாகவே இருக்கிறாள். தனிமையில் சாத்தானோடு பேசும்போது கேமரா அவள் முகத்தைவிட உடலின்மேல் நெடுநேரம் ஊர்கிறது. மாளிகைக் காட்சியில் பார்வையாளரைப் பிரபுவின் இடத்திலிருந்து வலிந்து விலக்கிய அதே படம், பின்னர் அந்த இடத்துக்கே அவரைக் கூட்டிவந்து விடுகிறது. ஓவியம் அழகாக இருப்பதால் நமக்கு அது உறைப்பதில்லை. நான் தொடக்கத்தில் சொன்ன அளவுகோல் இங்கே படத்துக்கு எதிராகத் திரும்புகிறது. இந்த நீண்ட நகர்வுகளில் பலவற்றுக்குக் கதையில் வேலை இல்லை. ஜீன் என்ன உணர்கிறாள் என்று அவை சொல்வதில்லை. அவளைப் பார்க்கும் ஓர் ஆணின் ரசனையைத்தான் சொல்கின்றன.

சாத்தானின் உருவத்தையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். ஆண்குறியை நினைவூட்டும் சிறு உருவமாக வந்து, அவள் கோபம் வளர வளரப் பெரிதாகிறான். அவளுடைய வலிமையே இவன்தான் என்று கதை சொல்கிறது. அப்படியானால் ஒரு பெண்ணின் சினமும் ஆற்றலும் ஏன் ஆணுருவில், ஆண் குரலில் வர வேண்டும்? மிஷலேயும் ஆண், யாமமோதோவும் ஆண், ஃபுகாயும் ஆண் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் படமே இந்த முரணை உணர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். சாத்தானிடம் முழுதாகத் தன்னைக் கொடுத்த பிறகு, தான் அருவருப்பான கிழவியாக மாறியிருப்போம் என்று ஜீன் எதிர்பார்க்கிறாள். மாறவில்லை, முன்னைவிட அழகாக இருக்கிறாள். வெறுப்பும் கோபமும் கொண்டவள் ஏன் அழகாக இருக்கக் கூடாது என்று சாத்தான் கேட்கிறான். பெண்ணின் கோபம் அவலட்சணமானது என்ற பழைய பாடத்தை மறுக்கும் இடம் இது. படத்தின் நல்ல தருணங்களில் ஒன்று. அதே காட்சி அழகின்மேல் படத்துக்கு உள்ள மயக்கத்துக்கு ஒரு சாக்காகவும் அமைகிறது. இரண்டையும் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை. பிரித்தே தீர வேண்டும் என்றும் தோன்றவில்லை.

காட்டில் நடக்கும் கூட்டுக் களியாட்டக் காட்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உருவங்கள் ஒன்றுக்குள் ஒன்று உருமாறும் திறமை வியக்க வைக்கிறது. ஆனால் நீளம் அதிகம், அழுத்தம் குறைவு. பெண்ணின் விடுதலையைப் பாலியல் கட்டவிழ்ப்பாக மட்டும் சுருக்கிப் பார்த்த எழுபதுகளின் மனப்பான்மை அதில் படிந்திருக்கிறது. ஒப்படைப்புக் காட்சியில் இருபதாம் நூற்றாண்டின் இயந்திரங்களும் பொருள்களும் விளம்பர ஓவியப் பாணியில் வெடித்துப் பாய்வதும் அப்படித்தான். கண்ணைப் பறிக்கிறது, அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

காலமும் சட்டமும்

இந்தப் படம் வானத்திலிருந்து விழவில்லை. 1970 அக்டோபரில் டோக்கியோ வீதிகளில் பெண்கள் விடுதலை கோரி ஊர்வலம் போனார்கள். மாணவர் கிளர்ச்சியின் அலை அடங்கிக்கொண்டிருந்தது. மறுபுறம், தொலைக்காட்சியிடம் பார்வையாளரை இழந்த நிக்காட்சு நிறுவனம் 1971 நவம்பரிலிருந்து 'ரோமன் போர்னோ' என்ற வரிசையில் குறைந்த செலவுப் பாலியல் படங்களை எடுத்துத் தள்ளியது. பெண்ணின் கிளர்ச்சியும் பெண்ணுடலின் விற்பனையும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருந்த காலம் அது. பெல்லடோனாவில் இரண்டும் இருப்பது இயல்பே.

ஜப்பானில் திரைப்படங்களைத் தரம் பிரிப்பது அரசு அன்று. 'எய்ரின்' என்ற திரைத்துறையின் சொந்த அமைப்பு. 1949இல் தோன்றியது. அதற்குப் பின்னால் குற்றவியல் சட்டத்தின் 175ஆம் பிரிவு நிற்கிறது. ஆபாசமானதைப் பரப்புவது அந்தப் பிரிவின்படி குற்றம். நடைமுறையில் இது உடலுறுப்புகளை மறைப்பது பற்றிய கண்டிப்பாகச் சுருங்கிவிட்டது. எந்த உறுப்பு தெரிந்தது என்பதே கேள்வி. ஒரு காட்சி யாருடைய பக்கம் நிற்கிறது என்பது கேள்வியாக எழவில்லை. ஓர் உறுப்பைக்கூடக் காட்டாமல் மனிதத்தன்மையற்ற காட்சியை எடுத்துவிட முடியும். எல்லாவற்றையும் காட்டிவிட்டு மனிதத்தன்மையோடும் இருக்க முடியும். உறுப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு பெல்லடோனாவை அளந்தால் மாளிகைக் காட்சியும் களியாட்டக் காட்சியும் ஒரே வகையில் சேர்ந்துவிடும். என் கணிப்பில் அவை இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள்.

உலகின் பிற இடங்களிலும் அந்த ஆண்டுகளில் அசைவூட்டம் குழந்தைகளின் அறையிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தது. 1972இல் அமெரிக்காவில் 'ஃபிரிட்ஸ் த கேட்' படம் வயது வந்தோருக்கு மட்டுமான எக்ஸ் தரச்சான்று பெற்ற முதல் அசைவூட்டப் படமானது. 1973இல் ரெனே லாலூவின் 'லா பிளானெத் சொவாஜ்' கான் விழாவில் சிறப்புப் பரிசு பெற்றது. முதலாவது நன்றாக வசூலித்தது, இரண்டாவதற்கு மதிப்பு கிடைத்தது. பெல்லடோனாவுக்கு அப்போது இரண்டுமே வாய்க்கவில்லை. பாலியல் கிளுகிளுப்பை எதிர்பார்த்து வந்தவருக்கு நகராத நீர்வண்ண ஓவியம் சலித்திருக்கும். ஓவியத்தை விரும்பி வரக்கூடியவரை முந்தைய 'கிளியோபாட்ரா'வின் பெயரே விலக்கி வைத்திருக்கும். விளம்பரத்தால் கூப்பிடப்பட்டவர் வேறு, படம் பேச நினைத்தவர் வேறு.

முஷியின் வீழ்ச்சிக்கு இந்தப் படத்தையே காரணமாகச் சொல்வது பரவலான வழக்கம். நியாயமில்லாத பேச்சு அது. நிறுவனம் அதற்கு முன்பே பல ஆண்டுகளாகக் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. தொலைக்காட்சித் தொடர்களின் விலையே அடக்கச் செலவுக்குக் கட்டுப்படியாகாத ஏற்பாட்டில்தான் அதன் தொழில் தொடங்கியது. கடைசிப் படத்தின் தோல்வி அந்தக் கணக்கை முடித்து வைத்தது, அவ்வளவே.

வெட்டும் ஒட்டும்

1979இல் படத்தை மீண்டும் வெளியிட்டார்கள். இம்முறை இளம்பெண்களை, குறிப்பாகக் கல்லூரி மாணவிகளைப் பார்வையாளர்களாக எண்ணிச் சில பாலியல் காட்சிகளை வெட்டினார்கள். ஆறு ஆண்டுகளுக்குள் படத்தின் பார்வையாளர் யார் என்ற எண்ணமே தலைகீழாக மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். யாருக்காக என்ற கேள்வி சரியானது. அதற்குக் கத்தரியைப் பதிலாகக் கொடுத்ததில்தான் சிக்கல். வெட்டு மூல நெகட்டிவிலேயே நடந்தது. பல ஆண்டுகள் கழித்து மீட்டமைப்பில் இறங்கியவர்கள் நெகட்டிவில் எட்டு நிமிடங்களுக்கும் மேல் காணவில்லை என்று கண்டார்கள். பெல்ஜியத்தின் திரைப்படக் காப்பகத்தில் தப்பிப் பிழைத்திருந்த வெளியீட்டுப் பிரதியிலிருந்து அந்தப் பகுதிகளை எடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. 2016இல் சினிலிஷியஸ் நிறுவனம் வெளியிட்ட 4கே பதிப்பு அப்படி உருவானது. அமெரிக்கத் திரையரங்குகளில் படம் முறையாக வெளியானதும் அப்போதுதான்.

அசைவூட்டப் படத்தில் வெட்டுவது, மற்றப் படங்களில் வெட்டுவதைவிடக் கூடுதலான இழப்பு என்று கருதுகிறேன். நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் ஒரே காட்சிக்குப் பல கோணங்களில் பதிவுகள் மிஞ்சிக் கிடக்கும். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கலாம். அசைவூட்டத்தில் வரைந்தது மட்டுமே உண்டு, உபரி கிடையாது. நெகட்டிவிலிருந்து வெட்டிய எட்டு நிமிடம் போனால் போனதுதான். எங்கோ ஓர் அந்நிய நாட்டின் காப்பகத்தில் யாரோ ஒரு பிரதியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் இது மீண்டது. களியாட்டக் காட்சிகளைப் பற்றி நான் மேலே சொன்ன குறை அப்படியே இருக்கிறது. இருந்தும் அவை முழுமையாகக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஒரு படத்தின் தவறை விவாதிக்க வேண்டுமானால் அந்தத் தவறு நம் முன் இருக்க வேண்டும்.

முடிவுக் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. ஜீன் எரிகிறாள். அதைப் பார்த்து நிற்கும் கூட்டத்தில் இருக்கும் பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக ஜீனின் முகமாக மாறுகின்றன. பின்னர் 1789 பிரெஞ்சுப் புரட்சியில் பெண்கள் முன்னணியில் நின்றதை எழுத்து நினைவூட்டுகிறது. பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவாவின் சுதந்திரத் தேவி ஓவியம் வருகிறது. அந்த ஓவியம் 1830 ஜூலைப் புரட்சியைப் பற்றியது, 1789ஐப் பற்றியது அன்று. ஆண்டுக் கணக்கில் இது பிழை. அதைவிட எனக்குள்ள மனக்குறை வேறு. முகங்கள் மாறும் அந்தச் சில நொடிகளில் எல்லாமே சொல்லப்பட்டுவிட்டது. ஒருத்தியின் கோபம் மற்றவர்களிடம் போய்ச் சேர்ந்தது என்பதை வரைகோட்டின் மாற்றம் ஒன்றாலேயே காட்டிய படம், தன் சொந்த மொழியை நம்பாமல் புகழ்பெற்ற ஓவியத்தைத் துணைக்கு அழைத்திருக்க வேண்டாம்.

இன்று திரையிடும்போது

மீட்டமைப்புக்குப் பிறகு திரைப்படக் கழகங்களும் கலைக் கல்லூரிகளும் இதைத் திரையிடுகின்றன. ஓவியத்தின் அழகை மட்டும் முன்னிறுத்தி அறிவிப்புகள் செய்யப்படுவதைப் பார்க்கிறேன். சுவரொட்டியில் ஜீனின் முகமும் கூந்தலும் மட்டும் இருக்கின்றன. வருபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிவதில்லை. படத்தின் முதல் கால்பகுதிக்குள்ளேயே வன்கொடுமைக் காட்சி வந்துவிடுகிறது. அத்தகைய கொடுமையை வாழ்வில் அனுபவித்தவருக்கு அது வெறும் வண்ணமும் கோடும் அன்று. மேலே நான் புகழ்ந்த அந்தக் காட்சியின் பலமே, உடலுக்குள் நடப்பதைக் காட்டுவதுதான். ஆகவே அவருக்கு அது நேரடிக் காட்சியைவிட அதிகமாக வலிக்கக்கூடும். 'வரைந்த படம்தானே' என்ற எண்ணத்தில் எச்சரிக்கையைக் கைவிடுவது தவறு. பாலியல் வன்கொடுமைச் சித்தரிப்பு இருக்கிறது, 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்று அழைப்பிதழிலேயே தெளிவாகப் போட வேண்டும். அது கலையைக் குறைப்பதில்லை. வருபவர் தன் விருப்பத்தோடு வருகிறார் என்பதை உறுதி செய்கிறது.

படத்துக்குப் பிறகு உரையாடல் இருந்தால், மாளிகைக் காட்சியையும் அதற்குப் பின் வரும் நீண்ட உடல் நகர்வுகளில் ஒன்றையும் அடுத்தடுத்துப் பேச எடுத்துக்கொள்வது பயன் தரும். இரண்டிலும் ஓவியர் ஒருவரே, உடலும் ஒன்றே. ஒன்றில் கோடு ஜீனின் பக்கம் நிற்கிறது, மற்றொன்றில் நிற்கவில்லை. ஏன் என்று மாணவர்கள் தாங்களே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள்.

பார்ப்பவர்கள் 2016 பதிப்பையே தேட வேண்டும். பழைய மங்கிய பிரதிகளில் நீர்வண்ணத்தின் மெல்லிய படலங்கள் கரைந்து வெறும் வெள்ளையாகிவிடுகின்றன. கைபேசித் திரையிலும் வேண்டாம். சுருள் ஓவியம் பக்கவாட்டில் விரிந்து செல்லும் அந்தத் தொடக்கம், கண்ணைத் திருப்பித் தேடிப் பார்க்கும் அளவுக்கு அகலமான திரை இருந்தால்தான் வேலை செய்யும்.